தகவல் வந்தது, விடுதலை வந்ததா?

ஏழையின் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் போதும், அவனது உழைப்பின் பயன் தானே பெருகும், வறுமை தானே விலகும் என்றொரு நம்பிக்கை நம் நாட்டில் ஆட்சியாளர் மேடைகளிலும், வணிகர் மாநாடுகளிலும், அண்மைக் காலமாக நம் சமூகப் பணி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும்கூட உறுதியாக ஒலித்து வருகின்றது. கணினி மையம் திறந்தோம், செயலி அறிமுகம் செய்தோம், இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று பட்டியல் நீள்கின்றது. பட்டியலின் முடிவில், பயனாளிகளின் உற்பத்தித்திறன் உயர்ந்தது என்ற ஒரு வரி, எவரும் கேள்வி கேட்கக் கூடாத விசுவாசப் பிரமாணம் போல் அமர்ந்துகொள்கின்றது. இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை என்பதும், மறுபாதியை அது மறைப்பதால் ஏழைக்கே தீங்கு நேர்கின்றது என்பதும் நம் வாதம்.

எதிர்த்தரப்பின் வலுவற்ற சாட்சியைப் பிடித்து மடக்குவது நேர்மையன்று. ஆகவே அவர்களுடைய மிகச் சிறந்த சாட்சியையே அழைப்போம். அச்சாட்சி நமக்கு அந்நியமானதும் அன்று. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கடற்கரையிலிருந்து வருகின்றது.

வடகரையில் நடந்தது

1997-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள். வட கேரளத்து வடகரைக் கடற்கரையில் 11 படகுகள் மத்தி மீனோடு நின்றன. நம் குமரிக் கரையில் சாளை என்போமே, அதே மீன்தான். வாங்க ஆள் இல்லை, விலை சுழியம். பிடித்த மீனைக் கொட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அதே வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள், சோம்பாலாவில் 15 பேரும் கொயிலாண்டியில் 12 பேருமாக 27 வணிகர்கள், என்ன விலை கொடுத்தாலும் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். ஒரு கரையில் மீன் அழுகியது. அடுத்த கரையில் கூடை காலியாக இருந்தது. இடையில் இல்லாதிருந்தது ஒரு சேதி மட்டுமே. இக்காட்சியைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்.

1997 முதல் 2000 வரையிலான ஆண்டுகளில் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களுக்குக் கைப்பேசிச் சேவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கோபுரங்கள் கரையை ஒட்டி எழுந்தமையால் கடலுக்குள் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை பேச முடிந்தது. படகிலிருந்தே வணிகரை அழைத்து, எந்தக் கரையில் விலை நன்றாக இருக்கின்றதோ அந்தக் கரைக்குப் படகைத் திருப்பலாயினர். அதற்கு முன் ஏறத்தாழ எல்லாரும் தத்தம் கரையிலேயே விற்று வந்தனர். சேவை வந்த பின்னரோ மீனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிற கரைகளில் விலைபோயிற்று. அன்றாடப் பாட்டில் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணாகி வந்தது அறவே நின்றது. படகுகளின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்கி உண்போர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. ஜென்சன் 2007-இல் வெளியிட்ட இக்கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது.

இம்முடிவுகளை நாம் மறுக்கவில்லை; மகிழ்ச்சியோடு ஏற்கின்றோம். உற்பத்தித்திறன் என்றால் என்ன? அதே உழைப்பையும் அதே முதலையும் கொண்டு முன்னிலும் அதிகப் பயனைப் பெறுவது. இங்கே கடலிலிருந்து ஒரு மீன்கூட அதிகமாக எடுக்கப்படவில்லை. எடுத்த மீன் வீணாகவில்லை, அவ்வளவே. மீனவனுக்கும் ஆதாயம், உண்பவனுக்கும் ஆதாயம். தொழில்நுட்பம் தரக்கூடிய நன்மைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

ஆனால் இக்கதையைச் சொல்வோர் அதன் முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுச் சொல்கின்றார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

கைப்பேசிக்கு முன் அங்கே இருந்தவை

கொயிலாண்டியில் விலை அதிகம் என்ற சேதி படகில் இருப்பவனுக்கு எட்டுகின்றது. அவன் அங்கே போக வேண்டுமானால் என்னென்ன தேவை? படகில் இயந்திரம் வேண்டும், எரிபொருள் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் பல கரைகள் வேண்டும். ஒவ்வொரு கரைக்கும் சாலை வேண்டும். அச்சாலை வழியாகப் பனிக்கட்டியும் வண்டியும் கொண்டு வந்து காத்திருக்கும் வணிகர் பலர் வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, தன் மீனைத் தான் விரும்பிய இடத்தில், விரும்பிய ஆளுக்கு விற்கும் உரிமை வேண்டும். இவற்றுள் எதையும் கைப்பேசி கொண்டு வரவில்லை. இயந்திரம் 1980-களில் பரவிற்று. சாலையும் பள்ளியும் தலைமுறைகளின் உழைப்பால் வந்தவை. மீனில் மூன்றில் ஒரு பங்கைப் பிற கரைகளில் விற்க முடிந்தது என்பதே அப்படகுகள் ஓரளவேனும் கட்டற்று இருந்தன என்பதற்குச் சான்று.

இப்பொழுது வேறொரு படகை எண்ணிப் பாருங்கள். படகுக்காரர் வலை வாங்கத் தரகரிடம் முன்பணம் பெற்றிருக்கின்றார். முன்பணத்திற்கு வட்டி கேட்கப்படவில்லை. அதற்கு ஈடாக, கடன் தீரும்வரை பாடு முழுவதும் அந்தத் தரகரின் ஏலத்திலேயே விழ வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். தம் கரையில் ஒரு கூடை 1,000 ரூபாய், அடுத்த கரையில் 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி அதைத் தவறாமல் தெரிவிக்கின்றது. தெரிந்து என்ன பயன்? தமக்கு 400 ரூபாய் பறிபோகின்றது என்பதை முன்பு அறியாமல் இழந்தார்; இன்று அறிந்தே இழக்கின்றார். அதே கைப்பேசி, எந்தப் படகு எந்நேரம் கரை சேரும், எவ்வளவு பாடு என்பதையெல்லாம் தரகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது. கட்டுண்டவன் கையில் உள்ள கருவி, கட்டியவனுக்கே அதிகம் உழைக்கின்றது.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்குவோர்க்கு இரண்டு சான்றுகள். ஜென்னா பரல், எலிசா ஒரெலியா என்ற இரு ஆய்வாளர்கள் யுகாண்டாவின் மீனவரிடையேயும் சீனத்தின் உழவரிடையேயும் செய்த ஆய்வை 2015-இல் வெளியிட்டனர். சந்தை விலைத் தகவல் கிடைத்தாலே விற்பவன் நிலை உயரும் என்பது ஒரு புனைகதை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர், யாரோடு நெடுநாள் கொடுக்கல் வாங்கல் என்பவை விலைச் சேதியைவிட வலியவையாக இருந்தன. மகாராட்டிர மாநிலத்தில் 100 கிராமங்களில் மார்செல் ஃபாஃப்ஷாம், பார்ட் மின்டன் இருவரும் நடத்திய சோதனை 2012-இல் வெளிவந்தது. அங்கே உழவரின் கைப்பேசிக்குச் சந்தை விலையும் வானிலையும் குறுஞ்செய்தியாக வந்தன. சேவையைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் விளைபொருளுக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

இதற்கு மாறான சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 2000-ஆம் ஆண்டு முதல் மத்தியப் பிரதேசத்தில் ஐடிசி நிறுவனம் கிராமங்களில் கணினி நிலையங்களை அமைத்துச் சோயா விலையை உழவர்க்கு அறிவித்தது. அதன்பின் அரசுச் சந்தைகளில் சோயா விலை 1 முதல் 3 விழுக்காடு வரை உயர்ந்ததாக அபராஜிதா கோயல் 2010-இல் காட்டியுள்ளார். ஏன் உயர்ந்தது? அங்கே கணினித் திரை மட்டும் வைக்கப்படவில்லை. உழவர் நேரடியாகக் கொண்டுவந்து கொடுக்கத்தக்க கொள்முதல் நிலையமும், சரியான எடைமேடையும், உடனடிப் பணமும் கூடவே வந்தன. சந்தை வணிகருக்குப் போட்டியாக இன்னொரு வாங்குபவர் வந்து நின்றார். சேதியோடு மாற்று வழியும் வந்த இடத்தில் விலை அசைந்தது. சேதி மட்டும் வந்த இடத்தில் அசையவில்லை.

செல்வ நாடுகள் கற்ற பாடம்

இந்த உண்மையைச் செல்வ நாடுகளும் மெதுவாகத்தான் கற்றன. 1987-இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் சோலோ, கணினி யுகம் எங்கும் கண்ணில் படுகின்றது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் படவில்லை என்ற பொருள்பட அதே ஆண்டு எழுதினார். அதற்கு விடை தேடிய பால் டேவிட் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர், 1990-இல் மின்சாரத்தின் கதையை நினைவூட்டினார். 1880-களில் மின்நிலையங்கள் எழுந்தன. தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பெருமளவு உயர்ந்ததோ 1920-களில்தான். நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு மின்பொறியை வைத்துவிட்டு, பழைய தண்டுகளையும் வார்களையும் அப்படியே விட்டுவைத்த வரையில் பயன் சிறிதே. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனிப்பொறி பொருத்தி, கட்டடத்தையும் வேலை முறையையும் மாற்றி அமைத்த பின்னரே பெரும்பயன் விளைந்தது. இதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

உலக வங்கியின் 2016-ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையும் இதையே ஒப்புக்கொண்டது. எண்மத் தொழில்நுட்பம் வேகமாகப் பரவிவிட்டது, அதன் பலன்களோ அந்த வேகத்தில் வரவில்லை, சமமாகவும் பங்கிடப்படவில்லை. நேர்மையான போட்டிக்கு வழிசெய்யும் விதிகளும், மக்களின் திறனும், மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்புகளும் கூடவே வேண்டும் என்பது அதன் சாரம். வங்கியாளர்களே இவ்வாறு சொன்ன பின்னும், நம் மேடைகளில் மட்டும் கருவியே கதியென்ற பேச்சு ஓயவில்லை. ஏன்? கருவியைக் கொடுப்பது எளிது, படம் பிடிக்கலாம். தரகரைப் பகைத்துக்கொள்வது கடினம்.

மரியநாட்டின் மறந்த பாடம்

அந்தக் கடினமான வழியில் நடந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1960-களில் திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தின் முயற்சியால் மரியநாடு என்ற மீனவக் குடியிருப்பு உருவாயிற்று. அங்கே வந்து தங்கிப் பணியாற்றியவர்கள் முதலில் எந்தக் கருவியையும் கொண்டுவரவில்லை. மக்களோடு அமர்ந்து, உழைப்பின் பயன் எங்கே ஒழுகிப் போகின்றது என்று கணக்குப் பார்த்தார்கள். அது வலையிலும் ஒழுகவில்லை, கடலிலும் ஒழுகவில்லை. கரையில் ஏலம் கூறும் இடத்தில் ஒழுகியது. ஆகவே மீனவர்கள் தம் மீனைத் தாமே ஏலமிட ஒரு சங்கம் கண்டார்கள். வணிகரின் கடுமையான எதிர்ப்பைத் தாங்கி அது நிலைத்தது.

அம்முறை பிற ஊர்களுக்கும் பரவி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. அதன் உறுப்புச் சங்கங்கள் கேரளத்தில் மட்டுமல்லாமல் நம் குமரி மாவட்டக் கரையிலும் வேர்கொண்டன. முறை எளியது. கடலில் இறங்கி உழைப்பவரே உறுப்பினர். ஏலக்காரர் சங்கத்தின் ஊழியர். அவருக்குச் சொந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஏலத்தொகையில் ஒரு பங்கு கடன் அடைக்கவும், ஒரு பங்கு சேமிப்பிற்கும், ஒரு சிறு பங்கு சங்கச் செலவிற்கும் பிடிக்கப்படும். பாடு அதிகமான நாளில் கடன் அதிகம் அடையும். பாடற்ற நாளில் எவரும் வாசலில் வந்து நிற்கமாட்டார். வங்கிக் கடன் சங்கத்தின் வழியாக வருவதால் தரகரின் முன்பணத்திற்குத் தேவை குறைந்தது.

எண்ணிப் பாருங்கள்: ஒரு கைப்பேசியும் இல்லாத காலத்தில் இது நடந்தது! வலையும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. ஏலத்தின் உரிமை மாறியது. உழைப்பவன் வீட்டுக்குக் கொண்டுசென்ற பணம் மாறியது. இத்தகைய கரையில் பின்னர் வந்து சேர்ந்த கைப்பேசி பொன்னான கருவி. கேரள அரசும் 2020-இல் அவசரச் சட்டமாகவும் 2021-இல் முழுச் சட்டமாகவும் மீன் ஏலத்தையும் ஏலத் தரகையும் ஒழுங்குபடுத்த முன்வந்தது. கைப்பேசி பரவி இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்றால், கைப்பேசியால் ஏலக்களம் நேர்மையாகிவிடவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

கணக்கில் வராதவர்கள்

உற்பத்தித்திறன் உயர்ந்தது என்று சொல்லும் ஒவ்வொருவரையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: யாருடையது? படகின் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது என்பது படகின் கணக்கு. படகும் வலையும் இயந்திரமும் உடையவனுக்கு எத்தனை பங்கு, வலை இழுத்தவனுக்கு எத்தனை பங்கு என்பதைக் கைப்பேசி தீர்மானிப்பதில்லை; ஊர் வழக்கமும் சங்கத்தின் பலமும் தீர்மானிக்கின்றன.

அடுத்து, தலைச்சுமையாக மீன் விற்கும் நம் தாய்மார்கள். கணவனோ மகனோ கொண்டுவரும் மீனை, அல்லது கரையில் ஏலமெடுத்த மீனைச் சுமந்து ஊருக்குள் விற்று வீட்டைக் காப்பவர்கள் அவர்கள். படகு விலையைத் தேடி 15 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், விடியற்காலையில் வெறுங்கூடையோடு தம் கரையில் காத்திருப்பவள் என்ன செய்வாள்? அவளுக்கு வண்டி இல்லை; பேருந்தில் மீன்கூடையை ஏற்ற மறுப்பவர் உண்டு. அவள் இழந்த அரை நாள் எந்த ஆய்வின் கணக்கிலும் எளிதில் ஏறாது. பனிப்பெட்டியும், கூட்டாக அமர்த்திய ஒரு வண்டியும், கூரையும் தண்ணீரும் உள்ள சந்தையும் அவளுடைய உற்பத்தித்திறனை உயர்த்துவது போல் எந்தச் செயலியும் உயர்த்தாது. இவை வந்த பின், விரைவுக் குறியீட்டு அட்டையும் பணப் பரிமாற்றச் செயலியும் அவளுக்கு உதவும். நாள்தோறும் வங்கியில் பதிவாகும் வரவு, வட்டிக்காரரைத் தவிர்த்து வங்கியை நாட அவளுக்குத் துணையாகலாம் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

மூன்றாவதாகக் கடல். எந்த மத்தி மீன் உலகப் புகழ் பெற்றதோ, அதே மத்தி 2021-இல் கேரளக் கரை முழுவதிலும் 3,297 டன் மட்டுமே கிடைத்தது. 2012-இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் கிடைத்த மீன் அது! கடல்சூழலின் மாற்றமே இதற்கு முதன்மைக் காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கூறினர். மிகைப் பிடிப்பும் குஞ்சு மீனை வாருவதும் நிலைமையை மோசமாக்கும் என்றும் எச்சரித்தனர். 2023-இல் அது மீண்டும் ஓர் இலட்சம் டன்னைக் கடந்தது ஆறுதலே. ஆயினும் பாடம் தெளிவு. விலையைச் சொல்லும் கருவி மீனைப் படைப்பதில்லை. மீன்கூட்டத்தைக் காட்டும் கருவிகள் ஒவ்வொரு படகின் திறனையும் உயர்த்தும். எத்தனை படகு, எந்தக் கண்ணி, எந்தப் பருவம் என்ற கட்டுப்பாடு இல்லையேல் எல்லாப் படகுகளின் நாளையையும் அவை இன்றே தின்றுவிடும்.

யார் பேசுகின்றார்? யார் கேட்கின்றார்?

தகவலுக்கு ஒரு திசை உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரி, திருவனந்தபுரம் கரைகளைத் தாக்கியபோது நம் கடற்கரைப் பங்குகள் அதைக் கண்ணீரோடு கற்றன. அன்று கைப்பேசி இல்லாத மீனவர் அரிது. ஆயினும் பல நாட்கள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்பவரிடம் கரைக் கோபுரத்தின் ஒலி எட்டாது. எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். அதன்பின் 2019-இல், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் முயற்சியில் ஜெமினி என்ற கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைப்பேசிக்குத் தரும் நல்ல கருவி அது. ஆனால் ஒருவழிக் கருவி: கரை சொல்வதைக் கடல் கேட்கும்; கடல் கதறுவதைக் கரை கேட்காது. இருவழியாகப் பேசத்தக்க கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை நடுவண் அரசு 2024-இல்தான் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் ஆழ்கடலில் உழைத்தவரின் குரலைக் கேட்கும் கருவி இத்தனை காலம் பிந்தியது ஏன் என்று நாம் கேட்க வேண்டாமா?

இதற்கு எதிராக நல்லவாட்டை நினைத்துப் பாருங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. மீனவ ஊர்களில் அலையின் உயரத்தை அம்மையம் ஒலிபெருக்கியில் அறிவிக்கும். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, அந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்து மக்களைக் கரையிலிருந்து அகற்றினர். வீடுகளும் படகுகளும் சேதமுற்றன, ஊர் பிழைத்தது. ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியுமே அங்கிருந்த தொழில்நுட்பம். அக்கருவி ஊராருடையதாக இருந்தது. அதன் குரலை ஊரார் நாள்தோறும் கேட்டுப் பழகியிருந்தனர். கேட்டவுடன் ஒன்றாக எழுந்து நடக்கும் ஊர் ஒற்றுமையும் இருந்தது.

எழும் மறுப்புகள்

நீங்கள் தொழில்நுட்பத்தின் பகைவரோ என்று சிலர் கேட்கலாம். இல்லை. கைப்பேசியைப் பிரசங்கத்தில் பழிப்பதோடு கடமை முடிந்ததென்று கருதும் சிலரோடும் நமக்கு உடன்பாடில்லை. வடகரையில் மீன் அழுகியதை நாம் மறக்கவில்லை. சேதி இல்லாமையும் ஒரு வறுமையே.

எல்லாம் சீரான பின்தான் கருவி வர வேண்டுமோ, அதுவரை ஏழை காத்திருப்பதோ என்றும் கேட்கலாம். காத்திருக்க வேண்டாம். கருவி ஏற்கெனவே வந்துவிட்டது. அதை எவரும் தடுக்கவும் முடியாது. எனவேதான் நாம் சொல்கின்றோம்: சந்தை தானே கொண்டுவந்து சேர்க்கும் பொருளைக் கொடுப்பதில் நம் சங்கங்களும் பங்குகளும் தம் நேரத்தையும் நன்கொடையாளர் பணத்தையும் செலவிட வேண்டியதில்லை. சந்தை ஒருபோதும் கொண்டுவராத ஒன்று இருக்கின்றது. கடனிலிருந்து விடுதலை, சொந்த ஏலக்களம், பெண்களுக்கான சந்தைக் கூரை, பங்கீட்டில் நீதி. நம் பணி அங்கேதான்.

உழைப்பின் அளவுகோல் உழைப்பவனே என்றும், கருவி அவனுக்குத் துணையாக வந்து அவனுக்கே எதிரியாகிவிடும் வாய்ப்பும் உண்டு என்றும் இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் விடுத்த தொழிலைப் பற்றிய சுற்றுமடல் நமக்கு உணர்த்தியுள்ளது. அதை நூலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, செயலிகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் எண்ணிக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஆகவே, ஏதேனும் ஒரு தகவல் தொழில்நுட்பத் திட்டம் நம் பங்கின் வாசலுக்கு வரும்போது, பங்குப் பேரவையும் அன்பியங்களும் ஊர்ச் சங்கங்களும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகின்றோம். முதலாவது: இச்சேதி கிடைத்த பின் நம் மக்கள் வேறுவிதமாக நடந்துகொள்ள முடியுமா, அல்லது கடனோ வறுமையோ அவர்களைக் கட்டிப்போட்டுள்ளதா? இரண்டாவது: கூடும் பயனில் வலை இழுப்பவனுக்கும் கூடை சுமப்பவளுக்கும் எவ்வளவு? மூன்றாவது: நம் மக்கள் திரும்பப் பேச முடியுமா, அவர்கள் பேசினால் கேட்பவர் யார்? நான்காவது: இன்று கூடும் வருவாய், நம் பிள்ளைகளின் கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் முன்கூட்டியே எடுக்கப்படுவதா?

இந்நான்கிற்கும் நேரான விடை கிடைத்தால் அத்திட்டத்தை இரு கை நீட்டி வரவேற்போம். கிடைக்காவிடில், கைப்பேசி வாங்க ஒதுக்கிய பணத்தைக் கொண்டு நம் கரையில் எத்தனை படகுகள் யாரிடம் எவ்வளவு கடன்பட்டுள்ளன என்ற கணக்கை முதலில் எடுப்போம். கணக்கெடுக்க ஒரு நோட்டும் நான்கு நேர்மையான இளைஞரும் போதும். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரும் கூட்டுத்தொகையைப் பார்த்த பின், எந்தப் பணியை முதலில் தொடங்குவது என்று நம் மக்களே நமக்குச் சொல்வார்கள்.